அரைப்பேர்



அம்பிட்டியவில் மழை ஹந்தானைப் பக்கமிருந்துதான் இறங்கும். மலை மறைந்துவிட்டால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஐந்து நிமிடம் இருக்கிறது என்று எங்கள் கணக்கு. போன மாதம் அப்படியொரு பின்னேரம், தலாத்துஓயாப் பக்கமிருந்து வந்த பஸ்ஸை விட்டிறங்கி, குடையை வாசலில் உதறிவிட்டு, ஒரு வாசகி நம் இதழின் கந்தோர்ப் படியேறி வந்தார். தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிற டீச்சர். பொலித்தீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி அவர் கொண்டுவந்தது அலெக்ஸ் ஹேலியின் 'ஏழு தலைமுறைகள்'. என்னிடம் இரவல் கொண்டுபோனது. இரவல் போன புத்தகம் நனையாமல் திரும்பி வந்ததையே இந்த மாதத்துத் தலைப்புச் செய்தியாகப் போட்டிருக்கலாம்.

பிளேன்டீ வந்தது. டீச்சர் சொன்னார்: "அம்மாவுக்கு ராவுல கொஞ்சங் கொஞ்சமா வாசிச்சுக் காட்டுனேன் சேர். குந்தாவ டோபின்னு கூப்புடுற எடம் வந்திச்சு. அம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. பொறகு, 'அவனுக்கு வேற பேராவது வச்சானுங்க, எனக்குப் பாதி நாளு அரைப்பேருதானே போட்டானுங்க'ன்னாங்க."

தோட்டத்தில் பிறக்காத வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களின் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். செக்ரோல் என்ற வரவேட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். அப்படியே புழங்கிப் புழங்கி, ஒரு நாள் சம்பளத்துக்கே 'பேர்' என்று ஆகிவிட்டது. "இந்த மாசம் எத்தனை பேரு?" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால், வேலை செய்த நாட்களைக் கேட்கிறாள். 18 கிலோ எடுக்க வேண்டிய இடத்தில் 15 கிலோ கொழுந்து எடுத்தால் அன்றைக்கு அரைப்பேர். மழை நாளில் இலையில் தண்ணீர் என்று நிறுவையில் இரண்டு கிலோ கழித்து, அதனாலேயே அரைப்பேராகிப் போன நாட்களும் உண்டு. மட்டக்கம்பும் கூடையுமாக ஏறி இறங்கிய ஒரு மனுஷியின் நாள் பாதிப் பேராகத்தான் ஏட்டில் நிற்கும்.

ஹேலியின் நாவல் 1976இல் வந்தது. அதன் தொடக்கத்தில், பிறந்து எட்டு நாளான குந்தாவின் காதுக்குள் தகப்பன் அவன் பெயரை மெல்லச் சொல்கிறான். ஒருவனுடைய பெயரை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவன் அவனே என்பது அந்த ஊர் வழக்கம். அடிமையாகக் கடல் கடந்ததும் அந்தப் பெயரைத்தான் பிடுங்கி, டோபி என்கிறார்கள். ஹேலி எழுதியதில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்ற சண்டை பின்னர் நிறைய நடந்தது. அது நடக்கட்டும். அம்பிட்டிய மழையில் என்னை உட்காரவைத்தது அந்தக் காது.

டீச்சர் போன பிறகு அலுமாரியைத் துளாவினேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புத்தகங்களை எடுத்து அடுக்கினால், பேர்த் தகராறு இல்லாத புத்தகம் அருமை. ரல்ஃப் எலிசன் 1952இல் எழுதிய 'இன்விசிபிள் மேன்' நாவலில் கதை சொல்பவனுக்குக் கடைசிவரை பெயரே கிடையாது. ஜேம்ஸ் போல்ட்வின் 1961இல் தன் கட்டுரைத் தொகுப்புக்கு வைத்த தலைப்பே 'என் பெயர் யாருக்கும் தெரியாது' என்ற பொருள்படுவது. டோனி மொரிசனின் 'சோங் ஒஃப் சொலமன்' (1977) இன்னும் ஒரு படி மேலே. விடுதலையான அடிமை ஒருவன் பதிவுக்குப் போகிறான். எங்கே பிறந்தாய் என்ற கேள்விக்கு ஊரின் பெயரைச் சொல்கிறான். அப்பா யார் என்றால், இறந்துவிட்டார் என்கிறான். எழுதுகிறவன் குடிவெறியில் விடைகளைக் கூடு மாற்றி எழுதிவிட, 'மேக்கன் டெட்' என்பதே அவன் பெயராகிறது. செத்தவன் என்ற அந்தப் பெயரை மூன்று தலைமுறை சுமக்கிறது.

அதை முதன்முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அப்பாவின் ஞாபகம் வந்தது. பிறப்புச் சான்றிதழில் அவர் பெயருக்கு ஒரு எழுத்து அதிகம். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக் குறைவு. ஈ.பி.எஃப். அட்டையில் தகப்பன் பெயரும் பிள்ளை பெயரும் இடம் மாறிக் கிடந்தன. மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்து, ஜே.பி.யிடம் ஒப்பம் வாங்கி, ஒரு கந்தோரின் வாங்கிலே அவர் எத்தனை காலை உட்கார்ந்தார் என்பதை நான் எண்ணவில்லை. சேமலாப நிதிக் காசு வந்தது. வந்தபோது அவருக்குப் பல் இல்லை.

பெயர் எழுதுவதில் இந்த அலட்சியத்துக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து கடல் கடந்து வருகிறவருக்கு எந்தத் தோட்டத்து ஆள் என்று இலக்கமிட்ட தகரச் சீட்டுக் கொடுத்தார்கள். பிறகு தோட்டம் மாறிப் போவதானால் 'துண்டு' வேண்டும். ஆளை விட ஆளின் கடனைப் பெரிதாகக் காட்டிய காகிதம் அது. 1921இல்தான் ஒழிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு 'நாடற்றவர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கூறு போட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரட்டுக் களத்தில்கூட ஆளைப் பார்த்துத்தான் பேர் கூப்பிடுவார்கள். ஒப்பந்தத்தில் தொகைதான் இருந்தது. இங்கே 'வடக்கத்தியான்' என்றும் 'கள்ளத்தோணி' என்றும் கேட்டவர்கள், கப்பலேறி நீலகிரிக்குப் போனதும் 'சிலோன்காரர்' ஆனார்கள். 'தோட்டக்காட்டான்' என்பது சிங்களச் சொல் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அது தமிழர் தமிழரைப் பார்த்துச் சொன்னது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள், நம்மவர் கடனால் கட்டப்பட்டவர்கள். இரண்டும் ஒன்றல்ல. யார் பட்டது அதிகம் என்று ஒப்பாரியில் போட்டி வைப்பது இரண்டு பக்கத்துச் செத்தவர்களுக்கும் மரியாதையில்லை. ஆனாலும் ஏடு எழுதிய கை ஒரே மாதிரித்தான் எழுதியிருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1857இல் ட்ரெட் ஸ்கொட் வழக்கில், ஆபிரிக்க வழிவந்தவர் குடிமக்களாக முடியாது என்றது. 1868இல் அரசியலமைப்பைத் திருத்தி அதை மாற்றினார்கள். கடதாசியில் 11 வருடம். தெற்கு மாநிலங்களில் வாக்குச்சீட்டு உண்மையாகக் கைக்கு வர 1965 ஆயிற்று. நமக்கோ 1948இல் பறிபோனதன் கடைசி மிச்சத்தைத் தீர்க்க 2003இல் தனியாக ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

கண்டிப் பொது நூலகத்துக்கு டி.எஸ். சேனநாயக்கவின் பெயர். அந்த 1948 சட்டம் வந்தபோது பிரதமர் அவர்தான். அந்தப் பெயரின் கீழ் நுழைந்து, மேசையில் உட்கார்ந்து, சி.வி. வேலுப்பிள்ளையை வாசிப்பதில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு. சி.வி. 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனவர். அடுத்த தேர்தலில் அவரை அனுப்பிய சனங்களில் பெரும்பாலானோருக்கு வாக்கே இல்லை. அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையைச் சக்தீ பால ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். சி.வி. நாவல்களும் எழுதினார். ஆனால் எனக்கு அவரில் பிடித்தது, லயம் லயமாகப் போய் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டியதுதான்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு வேலை நடந்தது. 1936 முதல் 1938 வரை, அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஆட்களை அனுப்பி, அடிமை வாழ்வை நேரில் கண்ட முதியவர்கள் 2,300 பேருக்கு மேல் சொன்னதைப் பதிந்துவைத்தது. கேட்கப் போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். எதிரே வெள்ளைக்காரர் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கிழவிகள் எதைச் சொல்லியிருப்பார்கள், எதை முந்தானையில் முடிந்துகொண்டிருப்பார்கள்? சி.வி.க்கு அரசாங்கச் சம்பளம் கிடையாது. ஆனால் அவரும் கங்காணிக் குடும்பத்துப் பிள்ளை. அவர் முன்னால் கங்காணியை ஏசும் பாட்டை எல்லாப் பெண்களும் முழுசாகப் பாடியிருப்பார்களா என்று நான் யோசிப்பதுண்டு.

நம் எழுத்தாளர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் எதை வைத்தார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஜோசப் தான் படிப்பித்த தெளிவத்தைத் தோட்டத்தை முன்னால் வைத்துத் தெளிவத்தை ஜோசப் ஆனார். 'காலங்கள் சாவதில்லை', 'நாமிருக்கும் நாடே', 'குடை நிழல்' என்று எழுதி, 2022இல் மறைந்தார். குமார், தலவாக்கலைப் பக்கத்துப் பெரிய மல்லிகைப்பூத் தோட்டத்திலிருந்து ஒரு பூவைப் பறித்துக்கொண்டு மல்லிகை சி. குமார் ஆனார். கம்பெனி ஏட்டில் அந்தத் தோட்டத்துக்கு வேறொரு ஆங்கிலப் பெயர். சனங்கள் வைத்த பெயர்தான் இலக்கியத்தில் நிற்கிறது. பெண்களில் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இலேயே வந்துவிட்டது. நம் காலத்தில் பிரமிளா பிரதீபன் 'கட்டுபொல்' நாவலில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்து மக்களை எழுதியிருக்கிறார். புதுமைப்பித்தன் இந்த மலையைக் காணாமலே 'துன்பக்கேணி' எழுதினார். பெரிய கலைஞர்தான். ஆனால் கொழுந்து மடுவத்தில் நின்றவர்கள் எழுதியதில் இருக்கும் அந்தப் பச்சை வாசம் வேறு.

ஆளின் பெயருக்குப் போலவே இனத்தின் பெயருக்கும் சண்டை நடந்தது. அமெரிக்காவில், நீக்ரோ என்ற சொல்லை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்று கறுப்பினச் சிந்தனையாளர் டூ போய்ஸ் போன்றவர்கள் வருடக்கணக்காகப் போராடினார்கள். 1930இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை ஒத்துக்கொண்டது. பின் வந்தவர்கள் அந்தச் சொல்லையே வேண்டாம் என்று தள்ளிவிட்டது வேறு கதை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற தொல்லை இல்லை. அதனால் நாம் சொல்லுக்கே சண்டை பிடித்தோம். 'மலையகத் தமிழர்' என்பது அறுபதுகளில் ஆசிரியர்களும் மாணவர்களும் எழுத்தாளர்களும் பரப்பிய பெயர். சென்ற சனத்தொகைக் கணக்கெடுப்பில்தான் 'இந்தியத் தமிழர்' என்ற கூட்டுக்குப் பக்கத்தில் அதுவும் ஏறியது.

டீச்சர் வந்த பஸ் போகும் மலைப்பக்கம்தான் லூல்கந்துரத் தோட்டமும் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட இடம். 1892இல் செத்த அவருக்கு மஹியாவைக் கல்லறையில் பேர் வெட்டிய கல் உண்டு. அதே மஹியாவையில்தான் கண்டி நகரத்தைக் கூட்டித் துடைக்கிற நம் சனங்களின் குடியிருப்பும். டெய்லரோடு காட்டை வெட்டி அந்த 19 ஏக்கரை நட்டவர்கள் யார் யார் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

அன்றைக்குப் போகும்போது டீச்சர் ஒரு வருடச் சந்தாவுக்குக் காசு எண்ணி வைத்தார். "எம் பேருல வேணாம் சேர், அம்மா பேருல போடுங்க" என்றார்.

"அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதென்றீர்களே டீச்சர்?"

"தெரியாதுதான். வாழ்க்கையில அவங்க பேருக்கு ஒரு கடுதாசி வந்ததில்ல. அதுக்குத்தான்."

விலாசம் கேட்டேன். அங்கேதான் சிக்கல். வீட்டுக்கு இலக்கம் கிடையாது, தெருவுக்குப் பெயர் கிடையாது. தபாலெல்லாம் தோட்டத்துக் கந்தோருக்குத்தான் போய்ச் சேரும். அங்கே யாராவது பார்த்து எடுத்து, போகிற ஆளிடம் கொடுத்துவிட்டால் உண்டு. எழுத்துப் பிழையில்லாமல் இருக்க டீச்சரையே மேலுறையில் எழுதச் சொன்னேன். அம்மாவின் பெயர், லய இலக்கம், டிவிஷன், தோட்டம். போன இதழை அந்த விலாசத்துக்குத் தபாலில் போட்டு மூன்று கிழமை ஆகிறது. கிடைத்ததா என்று இன்னும் தகவல் இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்