விருப்பப் பாடமாம்... யாரோட விருப்பம்?

என் பெரியப்பாவுக்கு நாமக்கல்லில் நாலு லாரி ஓடுகிறது. அவர் மகள், அதாவது என் அக்கா, பி.காம். முடித்துவிட்டு எம்.பி.ஏ. சேர்ந்ததே அந்தத் தொழிலை ஒழுங்காக நடத்திக் காட்டத்தான். லோடு இறக்கிவிட்டு வண்டி காலியாகத் திரும்பினால் டீசல் காசு கைநஷ்டம். ரிட்டர்ன் லோடு பிடிப்பதில் பெரியப்பா படும் பாட்டைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவள். அதனால் இரண்டாம் வருஷ எலெக்டிவ் பாரத்தில் லாஜிஸ்டிக்ஸ், சப்ளை செயின் இரண்டுக்கும் டிக் அடித்தாள்.

ஒரு வாரம் கழித்து நோட்டீஸ் போர்டில் பார்த்தால் அவள் பெயர் ஹெச்.ஆர். லிஸ்டில்! கேட்டதற்கு, "பத்துப் பேராவது சேர்ந்தால்தான்மா கிளாஸ் நடத்த முடியும், ஏழு பேர்தான் கேட்டிருக்கீங்க" என்று பதில். "அப்புறம் எதுக்குடா பாரம் குடுத்தாங்க?" என்று என்னிடம் கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும், நான் இன்னும் காஸ்ட் அக்கவுன்டிங்கிலேயே முழி பிதுங்கிக்கொண்டு இருக்கிறேன் :-)

ஆனால் யோசித்தால் கடுப்பாகத்தான் இருக்கிறது மக்களே. ப்ராஸ்பெக்டஸில் முப்பது எலெக்டிவ் அச்சடித்திருக்கிறார்கள். அதைக் காட்டித்தான் பீஸ் வாங்கினார்கள். நடத்துவது எட்டு. அந்த எட்டும் இருக்கிற ஆசிரியர்களுக்கு எது வருமோ அது. பக்கம் பக்கமாக மெனு கார்டு போட்டுவிட்டு, உட்கார்ந்த பிறகு "இட்லி மட்டும்தான் சார் இருக்கு" என்று சொல்லும் ஹோட்டல் மாதிரி. ஹோட்டலிலாவது எழுந்து போய்விடலாம். கல்விக்கடன் வாங்கிப் பணம் கட்டிய இடத்திலிருந்து எப்படி எழுந்து போவது?

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் முதல் வருஷம் எல்லாருக்கும் ஒரே பாடங்கள், இரண்டாம் வருஷம் மாணவர் தேர்ந்தெடுப்பவை. வார்ட்டனில் முன்பு பாயின்ட் கொடுத்து மாணவர்களைப் பாடங்களுக்கு ஏலம் கேட்க வைத்தார்கள். அதில் குறை இருக்கிறது என்று 2013ல் 'கோர்ஸ் மேட்ச்' என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். எந்தப் பாடம் எவ்வளவு வேண்டும் என்று மாணவர் சொன்னால், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ஆளுக்கொரு அட்டவணை தரும். அங்கே சண்டை சீட்டுக்கு. இங்கே பாடமே கிடையாது.

"அவங்க பீஸ் என்ன, நம்ம பீஸ் என்ன" என்று யாராவது கிளம்புவீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஏழு பேருக்காக ஒரு ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தால் கட்டாதுதான். பிரேக் ஈவன் நானும் படித்திருக்கிறேன். ஆனால் ஸ்வயம் இருக்கிறதே! ஆன்லைன் பாடங்களின் கிரெடிட்டைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று யு.ஜி.சி. 2016லேயே விதி போட்டது. அப்போது 20 சதவீதம் வரை, 2021ல் அதை 40 சதவீதமாக உயர்த்தியது. பாடம் இலவசம், பரீட்சைக்கு மட்டும்தான் கட்டணம். கல்லூரியும் பல்கலைக்கழகமும் மனசு வைத்தால் அந்த ஏழு பேரும் கேட்டதைப் படித்திருக்கலாம். பக்கத்துக் கல்லூரியோடு பேசி இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் சேர்த்துச் சனிக்கிழமை வகுப்பு வைத்தால்கூட பத்துப் பேர் தேறியிருப்பார்கள். இதையெல்லாம் யாரும் யோசித்ததாகவே தெரியவில்லை. ஏழு என்று எண்ணினார்கள், லிஸ்டை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

நம்ம பக்கமும் தப்பு இருக்கிறது, மறைக்க வேண்டாம். எந்த சார் இன்டர்னல் மார்க் தாராளமாகப் போடுவார் என்று சீனியரிடம் விசாரித்து எலெக்டிவ் எடுக்கிறவர்கள்தான் பாதிப் பேர். அக்கா வகுப்பில் மிச்சம் மூணு பேர் கிடைக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக, உண்மையிலேயே தேவைப்பட்டுக் கேட்டவளை ஹெச்.ஆரில் தள்ளுவது என்ன நியாயம்? ஹெச்.ஆர். மட்டம் என்று சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை என்கிறேன்.

அடுத்த வருஷம் நானும் அட்மிஷனுக்கு அலையப் போகிறேன். சிலபஸில் என்ன இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை. கடந்த இரண்டு வருஷத்தில் நிஜமாக வகுப்பு நடந்த எலெக்டிவ் எவை, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் படித்தார்கள் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்பேன். தராத கல்லூரியில் அப்ளிகேஷன்கூட வாங்க மாட்டேன். நீங்கள் எம்.பி.ஏ. படிக்கிறவராக இருந்தால் சொல்லுங்கள், உங்களுக்குக் கேட்டது கிடைத்ததா?