எதிரியின் நூலைக் காத்தவர்

வாதத்தில் வெல்லச் சுலபமான வழி ஒன்று உண்டு. எதிரி சொன்னதை அரைகுறையாக எடுத்துக் காட்ட வேண்டியது. அந்த அரைகுறையைத் தவிடுபொடியாக்க வேண்டியது. பிறகு மார்தட்டிக் கொள்ள வேண்டியது. அலெக்ஸாந்திரியா நகரத்துப் பண்டிதர் ஓரிஜன் இந்த வழியில் போகவில்லை. கெல்ஸஸ் என்ற கிரேக்கத் தத்துவாசிரியர் கி.பி. 177-ம் ஆண்டை ஒட்டி, கிறிஸ்தவ சமயத்தை வெகு காரமாகத் தாக்கி ஒரு நூல் எழுதினார். சுமார் 70 ஆண்டுகளுக்குப் பின்னர் ஓரிஜன் அதற்கு மறுப்பாக 8 புத்தகங்கள் எழுதினார். எதிரியின் வாக்கியங்களை அவருடைய சொற்களிலேயே வரிசையாக எடுத்து எழுதி, அதன் பிறகே ஒவ்வொன்றுக்கும் விடை பகர்ந்தார். கெல்ஸஸின் மூல நூல் மறைந்து போயிற்று. எனினும் அதன் பெரும் பகுதியை நாம் இன்று படிக்க முடிகிறது, மறுத்தவருடைய புண்ணியத்தினால்தான்!

இத்தகைய மனிதரின் சரித்திரம் தொடக்கத்திலேயே முடிந்து போயிருக்க வேண்டியது. ஓரிஜன் பிறந்தது கி.பி. 185-ஐ ஒட்டி. 202-ம் ஆண்டில், செப்டிமியஸ் ஸெவெரஸ் சக்கரவர்த்தியின் ஆட்சியில், அவருடைய தந்தை லியோனிதெஸ் கிறிஸ்தவர் என்ற காரணத்திற்காகவே சிறைப்பட்டுச் சிரச்சேதத்துக்கு ஆளானார். 17 வயது நிரம்பாத மகன், தானும் போய்ப் பிடிபட்டுத் தந்தையுடன் மாளத் துடித்தான். தாயார் கெஞ்சினார், மன்றாடினார். பிள்ளை செவி சாய்ப்பதாக இல்லை. கடைசியில் அந்த அம்மாள், மகனுடைய ஆடைகள் அனைத்தையும் ஒளித்து வைத்துவிட்டாராம்! சரித்திராசிரியர் யூஸீபியஸ் இதைச் சொல்கிறார். சாவுக்கு அஞ்சாத பிள்ளை, ஆடையின்றித் தெருவில் இறங்க நாணி வீட்டிலேயே அடங்கினான். உலகத்துத் தத்துவ ஞானிகள் யாவரும் கூடி யோசித்தாலும் இதைக் காட்டிலும் சிறந்த யுக்தியைக் கண்டிருக்க மாட்டார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

குடும்பத்தின் சொத்து முழுவதையும் சர்க்கார் பறிமுதல் செய்தது. தாயாரையும் இளைய சகோதரர்கள் 6 பேரையும் காப்பாற்ற ஓரிஜன் இலக்கணம் கற்பித்தார். 18 வயதில் சமயப் பாடசாலையின் தலைமை அவரிடம் வந்தது. அப்போது தம்மிடமிருந்த பழைய இலக்கிய நூல்களை ஒருவருக்கு விற்று, விலையாக நாளொன்றுக்கு நாலு சிறு காசு பெற்றுக்கொண்டு, வெறுங்காலுடன் நடந்து, தரையில் படுத்துக் காலம் கழித்தார்.

பின்னாளில் அம்புரோஸ் என்ற செல்வர் அவருக்கு உதவினார். எழுவருக்கு மேற்பட்ட சுருக்கெழுத்தாளர்களையும், பிரதி செய்வோரையும், அழகிய கையெழுத்துடைய பெண்களையும் அந்தச் செல்வர் தம் செலவில் அமர்த்திக் கொடுத்தார். ஓரிஜன் சொல்லச் சொல்ல அவர்கள் முறை வைத்து எழுதினார்கள். அவரது மிகப் பெரிய முயற்சி, பழைய ஏற்பாட்டை 6 பத்திகளில் அருகருகே எழுதியதாகும். எபிரேய மூலம் ஒன்று. அதே மூலம் கிரேக்க எழுத்தில் ஒன்று. கிரேக்க மொழிபெயர்ப்புகள் நான்கு. மூலத்தில் இல்லாமல் மொழிபெயர்ப்பில் மட்டும் இருந்த சொற்களுக்குக் கோடு போன்ற ஒரு குறி. மூலத்தில் இருந்து மொழிபெயர்ப்பில் விடுபட்டவற்றைச் சேர்த்து நட்சத்திரக் குறி. தமக்குச் சந்தேகமான சொல்லையும் அவர் அடித்துவிடவில்லை. அடையாளம் இட்டு, வாசகனின் கண்ணுக்கு முன்னால் வைத்தார்.

‘முதற் கோட்பாடுகள்’ என்ற நூலில் அவர் துணிச்சலான எண்ணங்களை ஆராய்ந்தார். உடலெடுக்கும் முன்பே ஆன்மாக்கள் இருந்தன என்றும், முடிவில் யாவும் இறைவனிடமே திரும்பச் சேரும் என்றும் கருதினார். இதைக் கொண்டு அவர் மறுபிறவியைப் போதித்தார் என்று இன்றும் சிலர் எழுதி வருகிறார்கள். அது சரியன்று. மத்தேயு சுவிசேஷத்துக்கு எழுதிய உரையில், ஆன்மா உடல் விட்டு உடல் பாயும் என்ற கொள்கையை அவர் வெளிப்படையாகவே மறுத்திருக்கிறார்.

பாலஸ்தீனத்து பிஷப்புகள் அவருக்குக் குருப்பட்டம் அளித்தது அலெக்ஸாந்திரியா பிஷப்பான தெமெத்திரியஸுக்குப் பொறுக்கவில்லை. ஆகவே ஓரிஜன் பிறந்த ஊரை விட்டுச் செசாரியாவில் குடியேறினார். 250-ல் தேசியஸ் சக்கரவர்த்தி கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியபோது, முதுமையில் இருந்த அவரைச் சிறையிலிட்டுக் கழுத்தில் இரும்பு வளையமும் கால்களில் தொழுவும் மாட்டினார்கள். அவர் மனம் மாறவில்லை. உயிருடன் வெளிவந்தும் உடல் தேறாமல், சில ஆண்டுகளில் காலமானார்.

சமயத்துக்காக இவ்வளவும் பட்டவரை, இறந்து 300 ஆண்டுகளுக்குப் பின், அதே சமயத்தின் சபை தண்டித்தது! 543-ல் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி அவருக்கு எதிராகக் கட்டளை பிறப்பித்தார். 553-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய மகா சங்கம், வழுவியவர்களின் வரிசையில் அவர் பெயரையும் சேர்த்துச் சபித்தது. அவர் செத்துப் பல தலைமுறை ஆனபின், அவர் பெயரால் பிறர் வளர்த்த கொள்கைகளும் இந்தக் கோபத்துக்குக் காரணம். அவற்றுக்கும் சேர்த்து அவரையே பொறுப்பாக்கியது நியாயமாக நமக்குத் தோன்றவில்லை. பதில் சொல்ல அவர் அங்கே இல்லை. கெல்ஸஸுக்குக் கிடைத்ததைப் போன்ற ஓர் எதிரியும் அவருக்கு வாய்க்கவில்லை.

கிரேக்க மூலங்களில் மிகப் பல அழிந்தன. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். சபை போற்றும் பஸீலும் நாஸியான்ஸஸ் கிரெகோரியும் அவர் நூல்களிலிருந்து பகுதிகளைப் பொறுக்கித் தொகுத்தனர் என்பது மரபு. முதலில் புகழ்ந்து பின்னர் சீறிய ஜெரோம், வேதாகமத்தை லத்தீனில் பெயர்க்கையில் அந்த ஆறு பத்தி நூலைத் துணைகொண்டார். ஆன்மாவை மணமகளாகவும் இறைவனை மணவாளனாகவும் கண்டு அவர் எழுதிய உன்னதப்பாட்டு உரையின் சாயல், 12-ம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்து பெர்னார்டின் பிரசங்கங்களில் வீசுகிறது.

1941-ல் கெய்ரோவுக்குத் தெற்கே தூரா என்னுமிடத்தில், பட்டாளத்தின் வெடிமருந்துக் கிடங்குக்காகக் குகைகளைத் துப்புரவு செய்த கூலியாட்கள் பழைய பாபிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தார்கள். கெல்ஸஸுக்கு ஓரிஜன் எழுதிய மறுப்பின் பகுதிகளும் அவற்றுள் இருந்தன. 2012-ல் ஜெர்மனியின் மியூனிக் நகர நூலகத்தில் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்த மரினா மோலின் பிராடெல் என்ற அம்மையார், கிரேக்கக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் சங்கீதங்களைப் பற்றிய 29 பிரசங்கங்களைக் கண்டார். அவற்றுள் சில, ருஃபீனஸ் என்பவர் பழங்காலத்தில் செய்த லத்தீன் மொழிபெயர்ப்போடு ஒத்திருந்தமையால், இன்னாருடையவை என்பது துலங்கிற்று. பிரதியில் ஆசிரியர் பெயர் இல்லை.