தாவினால் பதவி போகட்டும்



குமரி மாவட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அடுத்த தேர்தல் பேச்சு எழுந்ததுமே, பழைய முகங்கள் புதுக் கரைவேட்டியில் போஸ்டர்களில் சிரிக்கின்றன. தேர்தலுக்கு முன் மாறுவது அவரவர் உரிமை. சின்னத்தில் ஜெயித்த பின் மாறுவது வாக்காளரை ஏமாற்றுவது.

2024-இல் கட்சி மாறிய விளவங்கோடு எம்.எல்.ஏ. பதவி விலகினார், இடைத்தேர்தல் வந்தது. மாவட்ட, ஒன்றியக் கவுன்சிலர்கள் தாவினால் இங்கே கேட்க நாதியில்லை. கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை எம்.பி., எம்.எல்.ஏ.க்களோடு நின்றுவிடுகிறது.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி தாவும் உள்ளாட்சி உறுப்பினரின் பதவி பறிபோகும். ஆறாண்டு போட்டியிடவும் முடியாது. தலைவரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் நம் மாவட்ட ஊராட்சிக்கும் இந்தக் கடிவாளம் அவசியம். வாக்கு கேட்டு வரும் கட்சிகள் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

— ஒரு வாசகர், தக்கலை