ஜூஜுவாடிக்கு இப்பாலும் அப்பாலும்

ஜூஜுவாடியில் தமிழ்நாடு முடிந்து அத்திப்பள்ளியில் கர்நாடகம் தொடங்கும் அந்தக் குறுகிய தூரத்தை, விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துகள் இரு திசையிலும் கடந்து செல்வதைப் பார்த்து நிற்பவர்களுக்கு ஒரு விஷயம் தானே விளங்கும். பொருளைச் செய்கிற கைகளிற் பல எல்லைக்கு இப்பால் இருக்கின்றன. அப்பொருளை எவ்வளவு செய்வது, யாருக்கு, என்ன விலைக்கு விற்பது என்று தீர்மானிக்கிற மேசைகளிற் பல அப்பால் இருக்கின்றன. டைட்டன் கம்பெனியின் பதிவு அலுவலகம் ஓசூர் சிப்காட்டில் இருக்க, அதன் தலைமை நிர்வாகம் பெங்களூர் எலக்ட்ரானிக்ஸ் சிட்டியில் இருப்பது இதற்குப் பிரத்தியட்சமான சாட்சி.

சிப்காட்டை அடுத்த லேத் பட்டறை ஒன்றில், கூலன்ட் வாடைக்கு நடுவே, அதன் சொந்தக்காரர் சென்ற மாதம் என்னிடம் ஓர் ஆட்சேபத்தை எழுப்பினார். "நாலு வருஷம் மெக்கானிக்கல் படிக்க வெச்சேன் சார். இப்ப அதை மூலையில போட்டுட்டு, ரெண்டு வருஷம் எம்.பி.ஏ. படிக்கப் போறேங்கறான். பி.காம்., பி.பி.ஏ. படிச்ச பையன் போனா நியாயம். இவனுக்கு எதுக்குங்க?" என்றார். இது அவர் ஒருவருடைய அபிப்பிராயம் அன்று. தளி சாலைத் தேநீர்க் கடையிலும், கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்திலும், மகன் மகள் படிப்பைப் பற்றிப் பேச்சு எழும் இடமெல்லாம் கேட்கிற அபிப்பிராயம். பரபக்கமாகிய பிறர் வாதத்தை முழுதும் எடுத்துரைத்த பின்னரே சுபக்கமாகிய தன் வாதத்தைப் பேசுவது நம் சித்தாந்த நூலோர் வகுத்த மரபாதலால், அவ்வாதத்தின் அங்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, முன்பு படித்த பட்டம் வீணாகிறது என்பது. இவ்வாறு சொல்கிறவர்கள், எம்.பி.ஏ. என்னும் படிப்பு யாரை உத்தேசித்து உண்டாயிற்று என்பதை மறந்துவிடுகிறார்கள். 1908இல் ஹார்வர்டில் அது தொடங்கியபோதே, வேறு ஏதேனும் ஒரு துறையில் பட்டம் பெற்று வந்தவர்களுக்கு மேற்படிப்பாகத்தான் அமைந்தது. நம் நாட்டிலும் ஐ.ஐ.எம்.களில் சேர்வதற்குரிய கேட் தேர்வை எழுத, எந்தப் பாடத்திலாயினும் 50 சதவீத மதிப்பெண்ணோடு, ஒதுக்கீட்டுப் பிரிவினர் சிலருக்கு 45 சதவீதத்தோடு, ஒரு பட்டம் இருந்தால் போதும். அத்தேர்வில் மொழியறிவும் தர்க்கமும் கணிதமும் கேட்கிறார்களேயன்றி வணிகவியல் கேட்பதில்லை. வந்தவர்க்கெல்லாம் திறந்து வைத்த வாசலை அயலார் வாசல் என்று நினைத்துத் தயங்குவதில் என்ன நியாயம்?

எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியலும் ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மில் நிர்வாகமும் பயின்ற பாஸ்கர் பட், 2002 முதல் 2019 வரை டைட்டனின் நிர்வாக இயக்குநராக இருந்தார். டி.வி.எஸ். மோட்டாரை நடத்திய வேணு சீனிவாசன், கிண்டியில் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் நிர்வாகப் பட்டம் பெற்றவர். அவர் காலத்தில்தான், 2002இல், அக்கம்பெனி ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. அவர் குடும்பத் தொழிலுக்கு வாரிசு, அவரை எல்லோருக்கும் அளவுகோலாக வைப்பது எப்படி என்று கேட்பீர்களாயின், கேள்வி சரியானதே. ஆனால் தொழில் கைக்கே வந்து சேரக் காத்திருந்தவரும் அதை ஏற்குமுன் படித்தார் என்பதைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இதைவிட ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. 1961இல் ஜப்பானியக் கம்பெனியாகிய சிட்டிசனின் கூட்டுறவோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி., ஒரு தலைமுறைக் காலம் இத்தேசத்துக்கே நேரம் காட்டிவிட்டு, 2016இல் தன் கடிகாரத் தொழிலை மூடும் நிலைக்கு வந்தது. வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல; ஆனால் தொழிலாளரின் கைத்திறன் குறைந்தது அவற்றுள் ஒன்று என்று, அவ்வாட்சைக் கையில் கட்டியிருந்த எவரும் சொல்லத் துணியமாட்டார். 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து நிறுவிய டைட்டன், குவார்ட்ஸ் கடிகாரத்தையே பிரதானமாகக் கொண்டு, அதை மணி பார்க்கும் கருவியாக மட்டுமின்றி அணிகலனாகவும் பரிசுப் பொருளாகவும் கடையில் வைத்தது. இயந்திரத்தை அறிந்தவனே சந்தையையும் அறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு, எல்லைக்கு இருபுறமும் நிற்கும் இவ்விரண்டு கடிகாரங்களும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன.

இரண்டாவது ஆட்சேபம், இலக்கியமோ தாவரவியலோ படித்தவருக்குக் கணக்கு வராது என்பது. இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை 1494இல் முதன்முதலாக அச்சில் விளக்கிய லூக்கா பச்சோலி ஒரு துறவி, வியாபாரி அல்லர். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சட்டம் படித்தவர். அவர் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்து, 1937இல் அக்காலத்துச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, அரசாங்கத்துக்கு உண்டான வருமான நஷ்டத்தை ஈடுகட்ட ஒரு வழி வேண்டியிருந்தது. 1939இல் பொது விற்பனை வரி பிறந்தது அதனால்தான். வரவும் செலவும் அறிவுள்ள எவருக்கும் எட்டக்கூடிய விஷயம் என்பதே இதன் தாத்பரியம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் விஞ்ஞானப் பட்டம் பெற்றுக் கல்கத்தா ஐ.ஐ.எம்.முக்குச் சென்ற இந்திரா நூயி, 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் தலைமை நிர்வாகியாக இருந்தார். அங்கே அவரிடம் எவரும் பி.காம். சான்றிதழைக் கேட்டதாகத் தெரியவில்லை.

மூன்றாவது, இரண்டு ஆண்டுச் சம்பளமும் போய்க் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கிறதே என்பது. நான்கு ஆட்சேபங்களில் மிகவும் வலுவுள்ளது இதுவே. நான் இதை முழுதும் மறுக்கப்போவதில்லை. மாதம் 25,000 ரூபாய் வாங்குகிற ஒருவன் இரண்டு ஆண்டு வேலையை விட்டால், 6 லட்சம் ரூபாயை விடுகிறான். பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும்; டான்செட் எழுதி அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் ஆகிற செலவு அதில் ஒரு சிறு பங்கே. கல்விக் கடனுக்குப் படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டு வரையிலும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும், கடன் கடன்தான். படிப்பின் பெயர் ஒன்றாயிருப்பதால் சரக்கும் ஒன்றே என்று நம்பி, அருகில் கிடைத்த கல்லூரியில் பணத்தைக் கட்டுகிறவனுக்கு இந்த ஆட்சேபம் அட்சரம் பிசகாமல் பொருந்தும். கல்லூரி விளம்பரத்தில் அச்சாகும் மிக உயர்ந்த சம்பளத்தை விட்டுவிட்டு, வகுப்பு முழுவதையும் சம்பள வரிசைப்படி நிறுத்தினால் நடுவில் நிற்கிற மாணவன் என்ன பெற்றான் என்று கேளுங்கள். அதற்கு நேரான பதில் சொல்லாத இடத்தில் சேராதிருப்பதே விவேகம். ஆனால் இது கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு நிபந்தனையேயன்றி, பொறியியல் படித்தவன் எம்.பி.ஏ. படிக்கலாகாது என்பதற்கு ஒரு நியாயமாகாது.

நான்காவது, படிக்கத்தான் வேண்டுமென்றால் வேலையில் இருந்துகொண்டே தபாலில் படிக்கலாமே, அநுபவம் கற்பிக்காததைக் கல்லூரி கற்பிக்குமோ என்பது. குடும்பச் சுமையால் வேறு வழியில்லாதவர் அவ்வாறு படிப்பது பாராட்டத்தக்கதே. எனினும் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறி, நைட் ஷிப்ட் முடிந்து காலையில் அறைக்குத் திரும்புகிறவனைப் புத்தகத்தின் முன் உட்கார வைத்துப் பாருங்கள். இரண்டாம் பக்கத்தில் தலை சாய்ந்துவிடும். தவிரவும், இப்படிப்பின் ஜீவன் பாட நூலில் மாத்திரம் இல்லை. ஒரு கம்பெனிக்கு நேர்ந்த இக்கட்டை வகுப்பின் நடுவே வைத்து, மருந்தாளுநரும் வங்கி குமாஸ்தாவும் ராணுவத்திலிருந்து வந்தவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து வாதாடும்போது, தன் கண்ணுக்குத் தெரியாதது பிறர் கண்ணுக்குத் தெரிகிறது என்னும் அடக்கம் ஒருவனுக்கு வருகிறது. தபால் அதைக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இருவர், எம்.பி.ஏ. இன்றியே 2013இல் தொடங்கிய ஏதர் எனர்ஜி, 2021இல் ஓசூரில் ஆலையைத் திறக்கவில்லையா என்று கேட்கலாம். திறந்தது, மெய்தான். நீந்தத் தெரிந்து பிறந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக, நீச்சல் பழகப் போகிறவனைக் கரையில் தடுத்து நிறுத்துவது நியாயமாகுமா?

இவ்வளவையும் கேட்ட பிறகும் பட்டறைக்காரர் முகம் தெளியவில்லை. அவர் கவலை வேறாக இருந்தது: தேதி ஐந்தாகிவிட்டது; ஏழாம் தேதிக்குள் கூலி கொடுக்க வேண்டும்; கையில் பணமில்லை. மாதம் 10 லட்சம் ரூபாய்க்குப் புஷ் கடைந்து ஒரு கம்பெனிக்கு அனுப்புகிறார். பணம் வர 60 நாள் ஆகிறது. ஆகவே எந்நாளும் 20 லட்சம் வெளியே நிற்கிறது. சிறு தொழிலுக்குரிய பணத்தை 45 நாளுக்கு மேல் நிறுத்தினால் வட்டி கேட்கலாம் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது; ஆனால் அடுத்த மாத ஷெட்யூலைக் கொடுக்கிற கையிடமே வட்டி கேட்பது எப்படி? இந்நிலையில் ஆர்டரை இரட்டிப்பாக்குவதாகச் சொல்லும் கடிதம் ஒன்று மேசைமேல் கிடந்தது; அதை அவர் லாபம் என்று எண்ணிக்கொண்டிருந்தார். "ஆர்டர் இரட்டித்தால், வெளியே நிற்பது 40 லட்சமாகுமே, புதுப் பணம் வந்து சேரும்வரை இரும்புக்கும் கூலிக்கும் எங்கே போவீர்கள்?" என்று கேட்டேன்.

வெர்னியரில் ஒரு புள்ளி பிசகினால் கண்டுபிடித்துவிடுகிற அந்த மனிதர், சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு அக்கடிதத்தைப் புரட்டி, அதன் பின்புறத்தில் பென்சிலால் ஏதோ கணக்குப் போடத் தொடங்கினார். கூட்டல் முடிந்ததும் லேத்தின் பக்கம் திரும்பி, "டேய், அந்த அட்மிஷன் பாரத்துக்குக் கடைசித் தேதி என்னிக்குன்னு சொன்னே?" என்று மகனைக் கேட்டார்.