ஊர் மாறுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்



நான் கல்லாவியில் குடியிருப்பவள் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, கொஞ்ச நாளாக எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றித்தான். "அவருக்குப் போச்சம்பள்ளி சிப்காட்டில் வேலை கிடைத்திருக்கிறது. கல்லாவிப் பக்கம் வீடு பார்க்கலாம் என்கிறார். எனக்கோ பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும் அக்கா?" என்று பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் எழுதுகிறார்கள். ஒரு சகோதரிக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, வயிற்றில் ஐந்து மாதம். "அவர் மட்டும் போய் வரட்டும், நான் இங்கேயே இருந்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுத முடியவில்லை. அடிக்கடி வரும் கேள்விகளைத் தொகுத்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கல்லாவிக்குச் சொல்வது மற்றச் சிற்றூர்களுக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

கல்லாவி எப்படிப்பட்ட ஊர்? ஓசூர் மாதிரி இருக்குமா?

இருக்காது. ஒரே மாவட்டம்தான், ஆனால் ஓசூர் மேட்டு நிலம், குளுமையான ஊர். நாம் இருப்பது ஊத்தங்கரை வட்டம். சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்தும். இங்குள்ள பெரியவர்கள் இன்னமும் பேச்சுவாக்கில் 'சேலம் ஜில்லா' என்பார்கள். 1965-இல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது. 2004-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது.

வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், உருது பேசுகிறவர்கள் எல்லோரும் இந்த வட்டாரத்தில் உண்டு. கன்னடம் கலந்த தமிழோடு வருகிறவர்களை யாரும் கேலி செய்ய மாட்டார்கள். சாப்பாட்டில் கேழ்வரகுக் களிக்கு முதல் இடம். மாம்பழக் காலத்தில் பெங்களூரா, செந்தூரா என்று வீடெல்லாம் மணக்கும். சாமான் வாங்க ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தை இருக்கிறது. ஊசி முதல் ஆட்டுக்குட்டி வரை கிடைக்கும். ரயிலுக்குச் சாமல்பட்டி நிலையம் உண்டு, ஜோலார்பேட்டை - சேலம் பாதையில். ஆனால் எல்லா ரயிலும் நிற்காது, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கடை இல்லை, ஓட்டல் இல்லை என்ற குறையெல்லாம் மூன்று மாதத்தில் பழகிவிடும். உண்மையாகக் கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது.

நீங்கள் யாரும் கேட்காத கேள்வி

இத்தனை கடிதம் வந்ததே, ஒருவராவது தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்களா? "தண்ணி வருமா?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். "அது எந்தத் தண்ணி?" என்று கேட்டவர் இல்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. இதில் ஏமாற்றம் என்னவென்றால், தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, நாக்கிலும் தெரியாது. ஒரு தெருவில் ஒரு போரில் குறைவாக இருக்கும், அடுத்த தெருவில் அதிகமாக இருக்கும். ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

இளம் தாய்மார்கள் இதை ஏன் முதலில் கேட்க வேண்டும் என்கிறேன்? குழந்தையின் நிரந்தரப் பற்கள், பிறந்த சில மாதங்களிலிருந்து சுமார் எட்டு வயது வரை ஈறுக்குள்ளேயே உருவாகின்றன. அந்தக் காலத்தில் அதிக ஃபுளோரைடு உடம்பில் சேர்ந்தால் பல்லின் மேற்பூச்சில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். ஆனால் அது நம் கண்ணுக்குத் தெரிவது, பால் பல் விழுந்து ஆறு ஏழு வயதில் புதுப் பல் முளைக்கும்போதுதான். அப்போது எந்தப் பற்பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. பல வருடங்கள் அதிக அளவில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் கூடப் பாதிக்கும். மூன்று வயதுக் குழந்தையோடு வருகிற அந்தச் சகோதரிக்கு இது இன்றைய விஷயம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது.

இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் நாட்டின் கடனுதவியுடன், 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தொடங்கி வைத்தார்கள். காவிரித் தண்ணீரைச் சுத்தம் செய்து இரண்டு மாவட்டங்களுக்கும் அனுப்புவதே நோக்கம். ஆகவே வீடு பார்க்கும்போது இப்படிக் கேளுங்கள்:

1. குடிக்க வருவது ஒகேனக்கல் தண்ணியா, போர்த் தண்ணியா, இரண்டும் கலந்ததா?

2. எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? பிடித்து வைக்கத் தொட்டி இருக்கிறதா?

3. ஒகேனக்கல் தண்ணி வராத நாளில் அக்கம்பக்கத்தார் எதைக் குடிக்கிறார்கள்?

போர்த் தண்ணீர்தான் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பரிசோதித்துவிடுங்கள். "நன்றாகக் காய்ச்சிக் கொடுத்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். மெழுகுவர்த்தி ஃபில்டரும் இதற்கு உதவாது. ஆர்.ஓ. இயந்திரம் குறைக்கும்.

சமையலுக்கும் நல்ல தண்ணீரே வேண்டும், ஏனென்றால் சோறும் களியும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. குளிக்கவும் துவைக்கவும் போர்த் தண்ணீர் போதும். கைக்குழந்தை இருந்தால் தாய்ப்பாலே உத்தமம். தாய் குடிக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு இருந்தாலும் தாய்ப்பாலில் அது மிகமிகக் குறைவாகவே சேர்கிறது. புட்டிப்பால் கரைக்கிறவர்கள்தான் தண்ணீரை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும்.

சாப்பாட்டிலும் ஒரு பாதுகாப்பு உண்டு. சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தால் ஃபுளோரைடு உடம்பில் சேர்வது குறையும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நம் ஊர்க் களியையும் கூழையும் ஏளனமாக நினைக்காதீர்கள். பால், மோர், முருங்கைக்கீரை, நெல்லிக்காய் எல்லாம் சேருங்கள். புளி சேர்த்த உணவால் ஃபுளோரைடு சிறுநீரில் கூடுதலாக வெளியேறுகிறது என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2002-இல் ஆய்வு வெளியிட்டார்கள். அதற்காகப் புளிக்குழம்பு வைத்துவிட்டு எந்தத் தண்ணியையும் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பற்பசை அரிசி அளவு போதும், விழுங்க விடாதீர்கள்.

பிரசவத்துக்கும் அவசரத்துக்கும் என்ன செய்வது?

கல்லாவியில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அடுத்து ஊத்தங்கரை அரசு மருத்துவமனை. பெரிய சிகிச்சைக்குக் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிறது.

கர்ப்பிணிகள் வந்த முதல் வாரமே கிராம சுகாதார செவிலியரைப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய ஊரில் எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள். மூட்டையில் கட்டி லாரியில் ஏற்றாதீர்கள். ரத்தக் கொதிப்பு, முந்தைய சிசேரியன், இரட்டைக் குழந்தை என்று ஏதாவது இருந்தால், பிரசவம் எந்த மருத்துவமனையில் என்பதை வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள்.

மாமியார் சர்க்கரை வியாதிக்காரர், மாத்திரைக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

தோட்டம், புதர் பக்கம் வீடு என்றால் பாம்பு, தேள் பயம் உண்டு. ராத்திரி வெளியே போகும்போது டார்ச்சும் செருப்பும் வேண்டும். பாம்பு கடித்தால் கீறவோ, இறுக்கிக் கட்டவோ, மந்திரிக்கவோ கூடாது. கடித்த காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வழி. குழந்தையைத் தேள் கொட்டினாலும் அப்படியே.

பிள்ளைகளின் படிப்பு?

கல்லாவியில் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. ஊத்தங்கரைப் பக்கம் தனியார் பள்ளிகளும் இருக்கின்றன. கர்நாடகத்திலிருந்து வருகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். கன்னடமும் இங்கிலீஷும் படித்த நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் திடீரென்று தமிழ் எழுத வராது. ஊர் மாறுவதற்கு ஆறு மாதம் முன்பே, தினம் அரை மணி நேரம் நீங்களே உயிரெழுத்திலிருந்து ஆரம்பித்துவிடுங்கள். வகுப்பில் கூசிக் குறுகாமல் இருக்கும்.

வீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். ஏரி எங்கே, ஓடை எங்கே என்று பாருங்கள். 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ரோட்டோரம் நின்ற வாகனங்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். "அந்த மழையில் இந்தத் தெருவில் தண்ணி எதுவரை நின்றது?" என்று எதிர்வீட்டு ஆயாவைக் கேளுங்கள். வீட்டுக்காரரை விடச் சரியான பதில் அவரிடம் கிடைக்கும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். "நீங்க என்ன ஆளுங்க?" என்று சிலர் சாதி கேட்பார்கள். பதில் சொல்லியே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஊரையும் வேலையையும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அதனால் வீடு இல்லை என்று சொன்னால் அந்த வீடு உங்களுக்கு வேண்டாம். மனம் பார்த்துக் கொடுக்கிறவர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள்.

நானும் வேலைக்குப் போக முடியுமா? பொழுது எப்படிப் போகும்?

போச்சம்பள்ளியில் பெண்களை மட்டுமே வைத்து ஸ்கூட்டர் தொழிற்சாலை நடத்தப் போவதாக 2021-இல் ஓலா நிறுவனம் அறிவித்தது நினைவிருக்கும். பர்கூர்ப் பக்கம் காலணித் தொழிற்சாலைகளிலும் பெண்கள் வேலை செய்கிறார்கள். எங்கே சேர்ந்தாலும் ஷிப்ட் நேரம், கம்பெனி பஸ் நிற்கும் இடம், குழந்தைக் காப்பகம் மூன்றையும் கேளுங்கள். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பது சட்டம். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

பொழுதைப் பொறுத்தவரை, முதல் ஆறு மாதம் கஷ்டம்தான். மத்தியானம் இரண்டு மணிக்குத் தெருவில் ஈ காக்கை இருக்காது. மனம் அம்மா வீட்டைத் தேடும். அப்போது கதவைச் சாத்திக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அங்கன்வாடிக்குக் குழந்தையைக் கொண்டு விடுங்கள், அங்கே வரும் தாய்மார்களோடு நாலு வார்த்தை பேசுங்கள், மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றில் சேருங்கள். ஓர் அவசரத்துக்கு ஓடி வருபவர்கள் அவர்கள்தான். பிரசவத்துக்குப் பிறகு தொடர்ந்து அழுகையும் தூக்கமின்மையும் இருந்தால் அதை ஊர் பிடிக்கவில்லை என்று நினைத்து விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, போகலாமா வேண்டாமா?

அந்த ஐந்து மாதக் கர்ப்பிணிச் சகோதரிக்கு என் பதில் இது. கணவர் முதலில் வந்து பதினைந்து நாள் தங்கட்டும். தண்ணீர், மருத்துவமனை இரண்டையும் அவர் விசாரித்து உங்களுக்குச் சொல்லட்டும். இரண்டும் சரியென்றால், டாக்டர் அனுமதித்தால், ஏழாம் மாதத்துக்குள் வந்துவிடுங்கள். நல்ல தண்ணீர் இல்லாத வீடு என்றால், வாடகை 500 ரூபாய் அதிகமானாலும் வேறு வீடு பாருங்கள். தகப்பன் ஓர் ஊரிலும் பிள்ளைகள் ஓர் ஊருமாக வருஷக்கணக்கில் இருப்பதை விட, சிற்றூரில் சேர்ந்து இருப்பது எவ்வளவோ மேல். ஆனால் வீட்டுச் சாவியை வாங்குவதற்கு முன் தண்ணீரைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்த இதழில் கேழ்வரகை முளைகட்டிக் குழந்தைக்குக் கஞ்சி மாவு தயாரிக்கும் முறையை எழுதுகிறேன். உங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி நீங்களும் எழுதுங்கள்.