தாயின் உயிர் தாமதத்திற்குப் பலியாவதோ?

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கண்ணெதிரே கண்ட சாவுகளின் கணக்கிலிருந்து எழுந்த வாக்கு அது. 1930களின் தொடக்கத்தில் இலங்கையில் ஓரிலட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்க, 2,000க்கும் அதிகமான தாய்மார் மாண்டனர். 50 குழந்தைகளுக்கு ஒரு தாய் என்ற விலையைக் கொடுத்தே அன்று இந்நாடு தன் மக்கட்செல்வத்தைப் பெற்றது.

அண்மை ஆண்டுகளில் அவ்வெண் 30 அளவில் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள், அதாவது நாளொன்றுக்கு 700க்கும் அதிகமானோர், கருவுற்ற காலத்திலோ பேற்றிலோ அதன்பின் சில வாரங்களிலோ உயிர் துறந்தனர். ஓரிலட்சம் பிறப்புக்கு 197 என்பது உலகச் சராசரி. இந்நிலையில், செல்வத்தில் முன்னணியில் இல்லாத இச்சிறு தீவு 30 என்ற எண்ணை எட்டியது எவ்வாறு?

பணம் மிகுந்த பின்னர் வந்த வெற்றியன்று இது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. பயிற்சி பெற்ற மருத்துவமாது கருவுற்ற பெண்ணின் வீடு தேடிச் செல்லும் வழக்கம் அங்கிருந்து நாடெங்கும் பரவியது. 1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமை, கிராமத்துக்கு வைத்தியசாலை கேட்கும் வல்லமையைக் கிராமத்தானுக்கும் கிராமத்துப் பெண்ணுக்கும் அளித்தது. இலவசக் கல்வி, பெண்ணுக்கு ஆபத்தை அறியும் அறிவைத் தந்தது. 1940களின் பிற்பகுதியில் மலேரியா ஒடுக்கப்பட்டது. 1950களின் நடுப்பகுதியிலேயே தாய்மரண வீதம் 500க்கும் கீழே இறங்கிவிட்டது. பின்னர் ஒவ்வொரு தாய்மரணத்தையும் அறிவித்து ஆராயும் முறை வேரூன்றியது. அந்த ஆராய்வின் நோக்கம் குற்றவாளியைப் பிடிப்பதன்று, காரணத்தைப் பிடிப்பதே.

இவ்வெற்றியை மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் சராசரி என்பது ஒரு போர்வை. கொழும்பில் வைத்தியசாலைக்கு அருகே வாழும் பெண்ணையும், கற்பிட்டிக் கடலில் பத்தலங்குண்டுத் தீவின் வாடியில் வாழும் மீனவப் பெண்ணையும் அது ஒன்றாகவே மூடிவிடுகிறது. மிஞ்சியுள்ள மரணங்களைத் தடுக்கவேண்டுமாயின் போர்வையை விலக்கி ஊரூராகப் பார்த்தல் வேண்டும்.

1994இல் செரீன் தடியஸ், டெபோரா மெயின் என்னும் இரு ஆய்வாளர்கள் தாய்மாரைக் கொல்லும் தாமதங்களை மூன்றாக வகுத்துரைத்தனர். வைத்தியரை நாட முடிவெடுப்பதில் தாமதம்; வைத்தியசாலையைச் சென்றடைவதில் தாமதம்; சென்றடைந்தபின் தக்க சிகிச்சை பெறுவதில் தாமதம். பேற்றின் பின் ஏற்படும் கடும் இரத்தப்பெருக்கு, சிகிச்சையின்றேல் இரண்டே மணித்தியாலத்தில் உயிரைக் குடிக்கவல்லது. இதை மனத்திற்கொண்டு நம் கரையைப் பாருங்கள்.

புத்தளம் கடலேரிக்கும் பெருங்கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கிறது கற்பிட்டிக் குடாநாடு. பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி முனைவரை 40 கிலோமீற்றர் அளவு தூரம். அதற்கப்பால் தீவுகள், அங்கே படகே வழி. 1990 எனும் இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி வரும் அம்புலன்ஸ் சேவை 2016இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்தது. நல்ல சேவை, ஆனால் அம்புலன்ஸ் கடலில் ஓடாது. உடப்பிலும் முந்தலிலும் கணவன் கடலுக்குப் போயிருக்கையில் முடிவெடுப்பவர் யார்? வெங்காயத் தோட்டத்திலும் மிளகாய்த் தோட்டத்திலும் கூலிக்கு நிற்கும் பெண், ஒரு நாட் கூலியை இழந்து கர்ப்பவதிகள் கிளினிக்குக்குப் போவதெங்ஙனம்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இக்கரையில் குடியேறிய முஸ்லிம் மக்களின் குடும்பங்களிலும் இதே கேள்விகள் எழுகின்றன.

இவற்றோடு நாம் அழுத்திக் கூறவேண்டியது மொழி. கருவுற்றவளின் இரத்த அழுத்தத்தைக் கருவி அளந்துவிடும். தலை பிளப்பதையும், கண் மங்குவதையும், வயிற்றின் மேற்புறம் வலிப்பதையும் அவள் வாய்தான் சொல்லவேண்டும். இவை வலிப்புக்கு முன் தோன்றும் எச்சரிக்கைகள். அவள் தமிழில் சொல்வதைக் கேட்பவர் விளங்கிக்கொள்ளாவிடின், எச்சரிக்கை சொல்லப்பட்டும் சொல்லப்படாததாகிறது. பேற்று அறையில் மொழி, மருந்துக்கு நிகரான தேவையாகும்.

இதைச் சலுகையாகக் கேட்கவேண்டியதில்லை. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும், அரச உத்தியோகத்தரோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை வழங்குகிறது. கச்சேரியில் படிவம் நிரப்புவதற்கு மட்டுமா அவ்வுரிமை? உயிருக்குப் போராடும் தாய்க்கு அது பயன்படாதெனின் சட்டப் புத்தகத்தில் அச்சிட்ட மையும் வீணன்றோ?

ஆகவே நாம் கோருவன இவை. தமிழ் பேசும் ஊர்கள் ஒவ்வொன்றிலும் தமிழறிந்த மருத்துவமாது பணியாற்றல் வேண்டும். தீவுகளிலும் வாடிகளிலும் வாழும் கர்ப்பவதிகள் பேற்று நாள் நெருங்கும்போது வைத்தியசாலைக்கு அண்மையில் வந்து தங்க இடமும், அவசரத்துக்கென ஒதுக்கிய படகும் வேண்டும். புத்தளத்திலும் சிலாபத்திலும் மகப்பேற்று நிபுணரும், மயக்கமருந்து வைத்தியரும், இரத்தமும் இரவு பகல் பாராது இருத்தல் வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடி மருந்துத் தட்டுப்பாட்டைக் கொணர்ந்தது. வைத்தியர் பலரை நாட்டைவிட்டுப் போகச் செய்தது. அந்த இழப்பின் சுமை கடைக்கோடியில் வாழ்பவள் தலையில் விழ விடலாகாது.

கோரிக்கை வெறுங்கூச்சலாக முடியாதிருக்க ஆதாரம் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமாதர் பதவிகள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, தமிழறிந்தோர் எத்தனை பேர் என எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் உத்தியோகத்தர் தம் முடிவைத் தெரிவித்தாகவேண்டும். இக்கடிதத்தை எழுதிக்கொடுப்பது சட்டத்தரணிகளின் கடமை.

ஆசிரியர்கள், படிப்பில் தேர்ந்த நம் ஊர்ப் பெண்பிள்ளைகளை மருத்துவமாதர் பயிற்சிக்கு ஊக்குவிப்பாராக. தோட்டக்காரர், கருவுற்ற தொழிலாளிக்குக் கிளினிக் நாளில் கூலியோடு ஓய்வளிப்பாராக. நள்ளிரவில் தம் வாகனத்தையும் கொடுத்துதவுவாராக. கடலுக்குப் போகும் கணவன்மார், ஆபத்தென்றால் எவரையும் காத்திராது புறப்படு என்று மனைவியிடமும் மாமியிடமும் முன்கூட்டியே சொல்லிச் செல்வாராக.

நாடு கடந்து வந்த தூரம் பெரிது. எஞ்சியுள்ள தூரம் சிறிது. அந்தச் சிறு தூரத்தில்தான் நம் கரை கிடக்கிறது. அதைக் கடப்பதற்குப் புதிய மருந்தெதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அரசின் கடமையை அரசிடம் கேட்டுப் பெறுவோம். நம் கடமையை நாமே செய்வோம்!