நாய்க்குத் தேவதாரு: மரம் சரி, எண்ணெய் வேண்டாம்

எங்கள் மயூர் விஹார் குடியிருப்பில் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏழு. மாலையில் பூங்காவில் சந்தித்தால் முன்பெல்லாம் ஊர்ப்பேச்சு, சங்கத்து நாடகம், ரயில் முன்பதிவு என்று போகும். இப்போது பேச்செல்லாம் உண்ணியைப் பற்றித்தான். தில்லியில் ஹோலி கழிந்து வெயில் ஏறியதும் உண்ணி வந்துவிடும். மழைக்காலம் முடியும்வரை நம்மை விடாது. இந்த ஆண்டு அந்தப் பேச்சில் சிடார் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. சிடார் எண்ணெய், சிடார் சோப்பு, சிடார் சீவல் நிரப்பிய மெத்தை. "ரசாயனமே கிடையாது, எல்லாம் மூலிகை" என்று விற்கிறார்கள், நம்மவர்களும் வாங்குகிறார்கள். பதினாறு வருடமாக நாய் வளர்ப்பவன் என்ற உரிமையில் இதைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதல் கேள்வி, எந்த சிடார் என்பது. இமயமலைச் சாரலில் வளரும் நம் தேவதாருதான் அசல் சிடார் இனத்தைச் சேர்ந்தது; இமாசலப் பிரதேசத்தின் மாநில மரமும் அதுவே. ஆனால் பென்சில் செய்யப் பேர்போன அமெரிக்கச் சிவப்பு சிடார் உண்மையில் ஜூனிபர் வகை. 'மேற்கத்தியச் சிவப்பு சிடார்' என்பது துஜா வகை. அதன் தூளிலுள்ள பிளிக்கேட்டிக் அமிலத்தால் மரமறுக்கும் தொழிலாளர்கள் சிலருக்கு ஆஸ்துமா வருவது மருத்துவ உலகம் நன்கறிந்த விஷயம். நம் நாட்டிலும் குழப்பத்துக்குக் குறைவில்லை. சந்தன வேம்பை ஆங்கிலத்தில் இந்தியச் சிவப்பு சிடார் என்கிறார்கள். தமிழ்நாட்டுக் காடுகளில் செம்புளிச்சானுக்குத் தேவதாரம் என்றும் பெயர் உண்டு. பக்கத்து வீட்டு வங்காளி நண்பர் 'தேப்தாரு' என்று கைகாட்டுவதோ சாலையோரம் வளர்ந்து நிற்கும் நம் நெட்டிலிங்கத்தை! இத்தனை மரங்களுக்கும் ரசாயனம் வேறு, குணம் வேறு. ஒன்றுக்குச் சொன்ன நன்மையை இன்னொன்றின் தலையில் கட்ட முடியாது.

மரத்தைப்பற்றி எனக்குக் குறையே இல்லை. தேவதாரு வைரத்தைக் கரையானும் பூஞ்சையும் எளிதில் அண்டாது. மணாலியில் 1553-இல் கட்டிய ஹடிம்பா கோயிலைப் பார்த்தவர்களுக்கு இதற்குச் சாட்சி தேவையில்லை. வடஇந்தியாவில் இருப்புப்பாதைக் கட்டைகளுக்கே இந்த மரத்தைத்தான் வெட்டித் தள்ளினார்கள். பால்கனியிலோ மொட்டை மாடியிலோ நாய்க்குக் கூண்டு செய்வதானால் தாராளமாகத் தேவதாருப் பலகையில் செய்யலாம். மழையில் நனைந்தாலும் சீக்கிரம் உளுத்துப்போகாது. துணி அலமாரியில் பாச்சை உருண்டைக்குப் பதிலாக இரண்டு தேவதாருத் துண்டுகளைப் போட்டு வைப்பதும் நல்ல காரியமே. நாப்தலீன் உருண்டையை நாய் விழுங்கினால் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்தாகும். மரத்துண்டைக் கடித்தால் அந்த விஷம் இல்லை. ஆனால் சிம்புகளை விழுங்கித் தொண்டையிலோ குடலிலோ குத்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீவல் மெத்தை விஷயத்தில் சற்று யோசனை வேண்டும். 1967-இல் அமெரிக்காவில் வெசல் என்ற ஆய்வாளர், சிடார் போன்ற மென்மரச் சீவலில் வளர்ந்த எலிகளின் கல்லீரல் நொதிகள் வழக்கத்தைவிட வேகமாக வேலை செய்வதைக் கண்டு எழுதினார். அன்றிலிருந்து ஆய்வுக்கூட எலிகளுக்கு அந்தச் சீவலைத் தவிர்த்து வருகிறார்கள். எலிக்குச் சொன்னதை நாய்க்கு அப்படியே பொருத்துவது நியாயமல்ல. எலி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருபத்துநாலு மணிநேரமும் கிடக்கிறது, நாய் அப்படியா? காற்றோட்டமான இடத்தில் வளர்ந்த நாய்க்கு, தூசு தட்டிய காய்ந்த சீவலால் பெரிய கேடு வராது என்பதே என் கட்சி. ஆனால் குட்டி போட்ட நாய்க்கும், மூச்சிரைப்பு உள்ள பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும் அது வேண்டாம். நமக்கே மணம் தூக்கலாகத் தெரிகிறது என்றால் அதன் மூக்குக்கு எப்படி இருக்கும்! வயிற்றிலோ தொடையிடுக்கிலோ தோல் சிவந்தால் அன்றைக்கே மெத்தையை மாற்றிவிடுங்கள்.

இனி எண்ணெய். மலைக்கிராமங்களில் ஆடுமாட்டுச் சொறிக்குத் தேவதாரு எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். அதை நான் ஏளனம் செய்யவில்லை. பூச்சிகளையும் உண்ணிகளையும் விரட்டும் குணம் அதற்கு ஓரளவு உண்டுதான். ஆனால் கடையில் வாங்கும் புட்டியில் இருப்பது மரத்திலிருந்து வடித்த செறிவான சாரம். அதை அப்படியே தடவினால் தோல் வெந்து புண்ணாகலாம். நாய் சும்மா இருக்குமா? நக்கும். வயிற்றுக்குள் போனால் வாந்தி, எச்சில் வடிதல், தள்ளாட்டம் என்று வரக்கூடும். வீட்டில் பூனையும் இருந்தால் இன்னும் மோசம். இத்தகைய எண்ணெய்களைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் குறைவு.

"அமெரிக்க அரசே அனுமதித்திருக்கிறதே" என்று ஒரு நண்பர் வாதாடினார். 1996-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் நிறுவனம் சிடார் எண்ணெயைக் குறைந்த ஆபத்துள்ள பூச்சிமருந்துகளின் பட்டியலில் சேர்த்துப் பதிவிலிருந்து விலக்கு அளித்தது உண்மை. பதிவே வேண்டாம் என்றால், அது உண்ணியைக் கொல்கிறதா என்று அந்த நிறுவனம் சோதித்துச் சான்று தரவில்லை என்றுதானே பொருள்?

எனக்கு உண்மையில் கவலை தருவது எண்ணெயின் விஷம்கூட அல்ல. எண்ணெய் பூசிவிட்டோம் என்ற நிம்மதி. நம் ஊர் நாய்களைப் பிடிப்பது பெரும்பாலும் பழுப்பு உண்ணி. ஒவ்வொரு பருவத்திலும் நாயின் ரத்தத்தைக் குடித்துவிட்டுக் கீழே விழுந்து சுவர் வெடிப்பில் ஒளிந்துகொள்ளும். ஒரு பெண் உண்ணி சில ஆயிரம் முட்டைகள்வரை இடும். அது கொண்டுவரும் எர்லிக்கியா கிருமியால் ரத்தத் தட்டணுக்கள் இறங்கும். பபீசியா சிவப்பணுக்களை அழிக்கும். எங்கள் பகுதியில் ஒரு மாமி சென்ற கோடையில் இரண்டு மாதம் சிடார் எண்ணெயை மட்டுமே நம்பியிருந்தார். "வாசனையாத்தானே இருக்கான், உண்ணி எங்கேர்ந்து வரும்?" என்பார். லாப்ரடார் சாப்பிடாமல் படுத்ததை வெயில் என்று நினைத்தார். மூக்கில் ரத்தம் வந்த பிறகே மருத்துவரிடம் ஓடினோம். தட்டணுக்கள் அதலபாதாளத்தில் இருந்தன. ரத்தம் ஏற்றி, நாலு வாரம் டாக்சிசைக்ளின் கொடுத்துப் பிழைத்தது. அதே தெருவில் இன்னொரு வீட்டு நாய் பிழைக்கவில்லை.

மருந்துக்கும் குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. உண்ணிக்கு இப்போது தரும் ஐசாக்ஸசோலின் வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கமோ வலிப்போ வரலாம் என்று 2018-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. முன்பே வலிப்பு உள்ள நாய் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு மருந்து தருவார். இந்த மாத்திரைகள் சோதிக்கப்பட்டவை, எந்த எடைக்கு எத்தனை என்று அட்டையிலேயே இருக்கிறது. எண்ணெய்ப் புட்டியில் அது உண்டா? எந்த மரம், எத்தனை சதவீதம், டர்ப்பன்டைன் கலந்ததா, ஒன்றும் கிடையாது. இதையாவது அச்சிட வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தலாம் என்பது என் கோரிக்கை.

போன வாரம் ஒரு கடையில் புட்டியைக் கையில் எடுத்து, "இது எந்த மரத்து எண்ணெய் ஐயா?" என்று இந்தியில் கேட்டேன். கடைக்காரர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காட்டு மரம்தான் ஸாப், மலையிலிருந்து வருகிறது" என்றார். வைத்துவிட்டு உண்ணி எடுக்கும் கொக்கி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.